பதினாலாம் நம்பர் கிணறு

டெண்டர் போடுவது என்றால் அந்தக் காலத்தில் தீனதயாளனுக்குக் கல்யாண வேலை மாதிரி. திருக்கழுக்குன்றம் டைப்பிங் சென்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக அடிக்கச் சொல்லி, எல்லாத் தாளிலும் தன் டிராவல்ஸ் சீல் குத்தி, கவரை ஒட்டி அரக்கு வைத்து, ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்புவார். கடற்கரையோரம் இருக்கிற மத்திய அரசின் நிலத்தடி நீர் ஆராய்ச்சி மையத்தில், வரவேற்பறை மூலையில் பச்சை வர்ணம் அடித்த டெண்டர் பெட்டி இருக்கும். மூன்று மணிக்கு அதை மூடி, மூன்றரைக்குத் திறப்பார்கள். போட்டிக்கு வந்த மூன்று டிராவல்ஸ்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அவனவன் ரேட்டைப் படிக்கக் கேட்டு, தோற்றவன் ஜெயித்தவனைக் கெட்ட வார்த்தையால் வாழ்த்தி, டீ குடித்துவிட்டுக் கலைவார்கள். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். யார் போட்டான், யார் விட்டான், ஒரு எழவும் தெரிவதில்லை.

ஒப்பந்தம் ஒன்றும் பிரமாதமில்லை. மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து உள்ளே பாலாறு வரைக்கும் பதினெட்டுக் கிணறுகள். மாதா மாதம் முதல் வாரத்தில் ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு கேன் தண்ணீர் பிடித்து ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். கடல் உப்பு நிலத்துக்குள் எவ்வளவு தூரம் ஏறி வருகிறது என்று அங்கே கணக்குப் பார்ப்பார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த வேலையைத் தீனதயாளன் வேறு ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இந்த முறை விட வேண்டியதாயிற்று. வண்டிக்கு மூன்று வயதுக்கு மேல் ஆகக்கூடாதாம், கம்பெனிக்குப் பத்து வண்டியாவது இருக்க வேண்டுமாம். சென்னைக் கம்பெனி ஒன்று தட்டிக்கொண்டு போய்விட்டது. ஆனால் பிரபாவதி மேடம் சும்மா இருக்கவில்லை. மையத்தில் இந்தக் கிணற்று ஆய்வுக்குப் பொறுப்பான விஞ்ஞானி அவர்தான், செங்கல்பட்டுக்காரர், மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். புதுக் கம்பெனிக்கு அவரே ஒரு கடிதம் எழுதி, அதன் பிரதியைத் தீனதயாளன் கையில் கொடுத்தார். 'இந்தப் பாதைக்கு இவரையே ஓட்டுநராக வைத்துக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு மாதம்கூட, ஒரு கிணறுகூடத் தவறாமல் தண்ணீர் கொண்டுவந்தவர்.'

படித்ததும் தீனதயாளன் அதை அவசரமாக மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார். ஏனென்றால் ஒரு கிணறு தவறியிருந்தது. அதுவும் ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, முழுசாக இருபது வருடம்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆடிக் கிருத்திகை. திருப்போரூர்ப் பக்கம் ஜீப்பைத் திருப்ப முடியாத அளவுக்குக் காவடிக் கூட்டம். அதில் மாட்டி, வியர்த்து, எரிச்சலோடு பதினாலாம் நம்பர் கிணற்றுக்கு வந்து சேரும்போது மணி ஒன்றரை. வந்து பார்த்தால் கிணற்றைக் காணோம். வயலை நிரவி, வரிசையாகக் கல் நட்டு, கலர் கலராகக் கொடி கட்டி பிளாட் போட்டிருந்தார்கள். கிணறு இருந்த இடத்தில் செங்கல் ஜல்லியும் செம்மண்ணும் கொட்டி மேடாகக் கிடந்தது.

அப்போது ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி ஒரு சிடுமூஞ்சி. ஒரு பாயிண்ட் விட்டாலும் ஒப்பந்தம் ரத்து என்று மிரட்டிக்கொண்டே இருப்பார். முந்தைய ஒப்பந்ததாரரை அப்படித்தான் துரத்தினார். நாலு மணிக்குள் பதினெட்டுக் கேனும் ஆய்வகத்தில் இருந்தாக வேண்டும். தீனதயாளன் காலிக் கேனைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். அவர் வீடு அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். வீட்டுக் கொல்லையில் கிணறு. தண்ணி தண்ணிதானே என்று தோன்றியது. அவ்வளவுதான் யோசித்தார்.

கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பூங்கொடியிடம் கேனை நீட்டினார்.

"இதுல தண்ணி சேந்தி ஊத்து."

"இன்னாத்துக்கு? ரேடியேட்டருக்கா?"

"இல்ல. ஆபீசுக்கு. நம்ம கிணத்தயும் லிஸ்ட்ல சேத்துக்கினாங்க."

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை. ஆனால் பூங்கொடியின் முகத்தைப் பார்த்த பிறகு அந்தச் சொல்லை விழுங்க முடியவில்லை. கையில் இருந்த சோப்பு நுரையை அவசரமாகப் புடவையில் துடைத்துக்கொண்டு, "இரு, இரு. மொதல்ல கேனைக் கழுவித் தரேன்" என்றாள்.

அடுத்த மாதம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். அடுத்த மாதம் வந்தது, போனது. தை பிறந்ததும் சிடுமூஞ்சி மாற்றலாகிப் போய், பிரபாவதி மேடம் வந்தார். முதல் வேலையாகப் பதினெட்டுக் கிணற்றையும் காட்டச் சொன்னார். காட்டினார். பதினாலு என்று தீனதயாளன் தன் வீட்டுக் கிணற்றைக் காட்டினார். அதற்குள் பூங்கொடி கிணற்றுச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் பெரிதாகப் '14' என்று எழுதிவைத்திருந்தாள்.

அந்த நாட்களை நினைத்தால் தீனதயாளனுக்கு இன்றைக்கும் நெஞ்சு இளகிவிடும். கிணற்றடியில் துணி துவைப்பதைப் பூங்கொடி அன்றோடு நிறுத்திவிட்டாள். குடம் எடுத்துக்கொண்டு வரும் பெண்களிடம், "சோப்பு கீப்பு கொண்டாராதீங்க, ரிசல்ட்டு மாறிடும்" என்பாள். பிளீச்சிங் பவுடர் போட வந்த பஞ்சாயத்து ஆளை வாசலோடு திருப்பி அனுப்பியது ஊரெல்லாம் பேச்சாயிற்று. மாதம் பிறந்தால் ஜீப் சத்தம் கேட்பதற்கு முன்பே வாளியில் கயிறு கட்டியிருக்கும். மேடம் கூட வரும் நாட்களில் அடுப்பில் வேர்க்கடலை வெந்துகொண்டிருக்கும். இரண்டு பெண்களும் துவைகல்லில் உட்கார்ந்து கடலையை உரித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். தீனதயாளன் ஜீப்பில் சாய்ந்தபடி, நேரமாகுது மேடம், நேரமாகுது மேடம் என்று கத்திக்கொண்டிருப்பார். எவ்வளவு நல்லா இருந்தது அது எல்லாம்.

நாலு வருடத்துக்கு முன்னால் பூங்கொடி போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை அவளிடமும் சொல்லவில்லை.

இப்போது புது டெண்டரில் ஒவ்வொரு கிணற்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் போட்டிருந்தார்கள். மையத்தின் முதல் கோப்பிலிருந்து எடுத்த கணக்கு. மகள் ரேணுகா அதைப் போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "நைனா, பதினாலு நம்ம வூடுதானே? இது இன்னா, பிளாட்ல போயி நிக்குது?" என்றாள். "போனு தப்பா காட்டுது" என்று சமாளித்தார். அடுத்த மாதம் புது வண்டி அந்தப் பிளாட்டில் போய் நின்றால் விஷயம் சந்தி சிரித்துவிடும். சிரிக்கட்டும், நாம்தான் ஒப்பந்தத்திலேயே இல்லையே, டிரைவர் வேலை போனால் போகிறது என்றுதான் முதலில் நினைத்தார்.

அந்த நினைப்பு கடைசி நடையில் கெட்டது.

அது புதன்கிழமை. வேலையை விடுமுன் ஒரு தடவை எல்லாக் கிணற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று மேடமும் கிளம்பினார். எப்போதும் போல் முன் சீட். மாமல்லபுரம் தாண்டியதும் பேச ஆரம்பித்தார். எங்கே பஞ்சர் ஆனது, எந்தக் கிணற்றில் வாளி அறுந்து விழுந்தது, எந்த ஊரில் இவர்களை மீட்டர் வைக்க வந்த கரண்டு ஆபீஸ் ஆட்கள் என்று நினைத்துத் துரத்தினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரித்தார். தீனதயாளனும் சிரித்தார். பழைய நாள் திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"தீனா, வெள்ளிக்கிழமை என் ரிப்போர்ட்டைக் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன். இருபது வருஷ உழைப்பு. அதுல உசுரான அத்தியாயம் எது தெரியுமா? உங்க வீட்டுக் கிணறுதான்."

"இன்னா மேடம் சொல்றீங்க?"

"இரண்டாயிரத்து ஐந்து வரைக்கும் அந்தத் தண்ணி உப்புக் கரிச்சுது. மாசா மாசம் ஏறிக்கிட்டே போச்சு. அந்த வருஷம் ஆடிலயே இறங்க ஆரம்பிச்சுது, ஐப்பசில ஊரே மிதக்கிற மழை பெஞ்சுதே, அதோட உப்பு இறங்கினது இறங்கினதுதான். அப்புறம் ஏறவே இல்ல. ஒரு நல்ல மழை கடலையே பின்னால தள்ளிடுச்சுன்னு எழுதியிருக்கேன். டெல்லில பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க."

தீனதயாளன் ஜீப்பின் வேகத்தைக் குறைத்தார். மழை எதையும் தள்ளவில்லை. தள்ளியது அவர். தண்ணி தண்ணிதானே என்று நினைத்த அந்த ஒரு நிமிஷத்தை நம்பி, இந்த அம்மாள் ஒரு அத்தியாயமே எழுதிவைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுவார். டெல்லிக்குப் போய்ப் பேசுவார். அடுத்த மாதம் புது வண்டி பிளாட்டில் போய் நிற்கும். அப்புறம் ஊர் சிரிக்கப்போவது தீனதயாளனைப் பார்த்தா, பிரபாவதியைப் பார்த்தா?

பதினாலாவது நிறுத்தம் வந்தது. மேடம் இறங்கி, ரிப்போர்ட் அட்டைக்கு வேண்டும் என்று கிணற்றைப் படம் எடுக்கப் போனைத் தூக்கினார்.

"படம் எடுக்காதீங்க மேடம்."

"ஏன்?"

"இது பதினாலு இல்ல."

சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் கொட்டிவிட்டது. காவடிக் கூட்டம், மேடான கிணறு, காலிக் கேன், பூங்கொடியிடம் சொன்ன பொய். முடித்தபோது மேடம் துவைகல்லில் உட்கார்ந்திருந்தார்.

"இருபது வருஷம்" என்றார். "என் பக்கத்துலயே உக்காந்துகிட்டு."

"தப்புதான் மேடம். தண்ணி தண்ணிதானேன்னு..."

"அப்படிச் சொல்லாதீங்க. அதை மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க."

அந்தக் குரலைத் தீனதயாளன் அதுவரை கேட்டதில்லை. திட்டினால்கூடத் தாங்கியிருப்பார்.

மேடம் நோட்டைத் திறந்தார். ஆபீஸ் குரலில் கேட்டார். "எந்தத் தேதி?" ஆடிக் கிருத்திகை என்றார். "அதுக்கப்புறம் ஒரு மாசமாவது வேற எடத்துல எடுத்தீங்களா?" இல்லை, சத்தியமாக இல்லை என்றார். "இந்த எடத்துக்குப் பட்டா யார் பேர்ல?" பூங்கொடி பேரில், அவள் அப்பா சீதனமாகக் கொடுத்தது என்றார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு, "பூங்கொடிக்குத் தெரியுமா?" என்றார். இந்தக் கேள்வி மட்டும் நோட்டுக்காகக் கேட்டதாகத் தெரியவில்லை.

"தெரியாது மேடம். தெரிஞ்சிருந்தா என்னை வூட்டுக்குள்ளயே சேத்திருக்க மாட்டா."

மேடம் எழுந்தார். கையை நீட்டினார். தீனதயாளனுக்குப் புரிந்தது. சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அவர் அதை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "இதுல நான் எழுதினது உண்மை இல்ல. அவங்களுக்கு அனுப்பினதையும் திருப்பிக் கேட்டுடுவேன்" என்றார்.

மிச்சம் நாலு கிணறு இருந்தது. ஜீப்புக்கு வந்த மேடம் முன் கதவைத் தாண்டிப் போய்ப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பதினெட்டாம் கிணறு வரைக்கும், அங்கிருந்து மையம் வரைக்கும் அங்கேயேதான் இருந்தார். தீனதயாளன் கண்ணாடியில்கூட அவரைப் பார்க்கவில்லை. இறங்கும்போது மேடம், "வெள்ளிக்கிழமை அனுப்பப் போறதில்ல" என்று மட்டும் சொன்னார்.

வழியனுப்பு விழாவுக்குத் தீனதயாளனைக் கூப்பிடவில்லை. மேடம் கடைசி இரண்டு வாரம் ராப்பகலாக உட்கார்ந்து ரிப்போர்ட்டை மாற்றி எழுதினார், டெல்லிப் பேச்சையும் ரத்துசெய்துவிட்டார் என்று ஆய்வகத்து ஆட்கள் சொல்லிக் கேள்விப்பட்டார். ஜீப்பைத் துணி போட்டு மூடிவைத்தார். மாதம் பிறந்தது. முதல் வாரத்தில் காலையில் எழுந்ததும் காலுக்குப் போக இடமில்லாமல் கொல்லையில் சுற்றிச் சுற்றி வந்தார். பேஜாராக இருந்தது.

மூன்றாம் நாள் வாசலில் புது வெள்ளை வண்டி ஒன்று வந்து நின்றது. முப்பது வயது இருக்கும் டிரைவர், சட்டையில் கம்பெனிப் பெயர், அதற்குக் கீழே ஜான்சன் என்று எழுதியிருந்தது. கையில் கேனும் ஒரு அட்டையும்.

"அண்ணாத்த, பதினாலு ஏ இதுவா?"

"பதினாலு ஏவா?"

"பழைய பதினாலு மூடிட்டாங்களாம், திருத்தம் போட்டிருக்காங்க. இது புதுசு. இந்தா பாருங்க" என்று அட்டையைக் காட்டினான்.

தீனதயாளன் கண்ணாடி போட்டுப் பார்த்தார். பாயிண்ட் பதினாலு: இரண்டாயிரத்து ஐந்து ஆடியில் மூடப்பட்டது. பாயிண்ட் பதினாலு ஏ: அதே ஆடி முதல் இன்றுவரை இடைவிடாத பதிவு. கிணற்றின் பெயர் என்ற கட்டத்தில், பூங்கொடி கிணறு. மத்திய அரசின் ஒப்பந்தத் தாளில், கோபுர முத்திரைக்குக் கீழே இல்லை, சிங்க முத்திரைக்குக் கீழே, அவள் பெயர்.

அவள் இருந்தவரைக்கும் அவர் அவளிடம் சொல்லிவந்தது இன்றைக்கு நிஜமாகிவிட்டது. சொல்ல அவள்தான் இல்லை. கண் மறைத்தது, துடைக்காமலே நின்றார்.

ஜான்சன் வாளியைத் தேடினான். "நீ இரு" என்று தீனதயாளன் கயிற்றை எடுத்தார். முதல் வாளியில் கேனை மூன்று தடவை அலசிக் கொட்டினார். இரண்டாவது வாளியைக் கேனில் ஊற்றினார்.

"ஓனர் கையெழுத்து வேணும் அண்ணாத்த" என்றான் ஜான்சன். "பூங்கொடின்றவங்க வூட்ல கீறாங்களா?"

"இல்லப்பா. நான்தான் போடணும்."

டிராவல்ஸ் பெயரை எழுதி அதற்காக என்று கையெழுத்துப் போட்டே பழகிய கை. பேனாவை வாங்கி, கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரிப் பொடி எழுத்தில் எழுதினார்: பூங்கொடிக்காக, தீனதயாளன்.