ஐநூறு முடியும் வரை

அந்த வண்டி தெருவைக் கடக்கத் தொடங்கி அன்றோடு பதினாறு நாள். சாயங்காலம் ஐந்து ஐம்பதுக்கு ஒருதரம் போகும். ஐந்து ஐம்பத்தைந்துக்கு ஒருதரம் திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமையானால் நேரக்கணக்கே கிடையாது.

முதல் நாளே தையல்காரிக்குத் தெரிந்துவிட்டது. அக்கா வீட்டு மாடியில், ஜன்னலை ஒட்டி மெஷினைப் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி ஊழியர்களின் சட்டைகளுக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் அந்தச் சத்தம் திரும்பியதும் மிதித்த கால் தானாக நின்றது. ஒன்பது வருடம் பின்னால் உட்கார்ந்து போன வண்டி. கண்ணைக் கட்டிவிட்டாலும் காது சொல்லிவிடும். எட்டிப் பார்த்தபோது கணவனின் முதுகும், அந்த முதுகை மறைத்துக்கொண்டு எழுந்த நீலப்புகையும்தான் தெரிந்தன. அவன் தலையைத் திருப்பவில்லை.

இன்றும் அப்படித்தான் போனான்.

"வந்துட்டாரா உன் புகைவண்டி டிரைவர்?" என்றாள் அக்கா, சமையலறையிலிருந்து. "கொடியில காயுற துணியெல்லாம் ஒரே ஆயில் நாத்தம். நிக்கவும் மாட்டேங்கறாரு, போய்த் தொலையவும் மாட்டேங்கறாரு."

தையல்காரி காலரை மடியில் போட்டாள். ஏறி, இறங்கி, மறுபடி ஏறித் தேயும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே வேகத்தில் பிடிக்காமல், முறுக்குவதும் விடுவதுமாகப் போகிறான். எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டனும் ரிங்கும் மாற்றிக் கட்டியிருக்கிறான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நாலு வருடம் முன்பும் ஒருதரம் இதே வேலை நடந்தது. புது பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றோடொன்று உரசிப் பழகும்வரை ஐநூறு கிலோமீட்டர் பொறுக்க வேண்டும் என்றார் மெக்கானிக். நாற்பதுக்கு மேல் போகக் கூடாது, ஒரே வேகத்திலும் பிடிக்கக் கூடாது. பெட்ரோலில் ஆயிலைக் கூடுதலாகக் கலக்க வேண்டும். புகை வரத்தான் செய்யும். பின்னால் ஆள் ஏற்றவே கூடாது. மெக்கானிக் சொல் அவள் கணவனுக்குக் கல்லில் வெட்டிய எழுத்து. ஐநூறு முடியும் மட்டும் அவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே நாற்பதில் வந்தான். கடைசி சீட்டில் உட்கார்ந்து அவள் கண்ணாடி வழியாகக் கையாட்டுவாள். அவன் பிடித்த கையை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டுவான். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வந்தது. 

அந்த எஞ்சின்தான் போன வருடம் ஒரு மேட்டில் பிஸ்டன் இறுகிப் பிடித்து நின்றது. வீட்டு நடையில் வண்டியைச் சாத்தி, கழற்றிய பாகங்களை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு, மேலே செய்தித்தாளை மூடி வைத்தான். அதோடு சரி. அவன் புத்தகம் பைண்டிங் செய்கிறவன். நாளெல்லாம் ஊரார் எழுதியதை அடுக்கித் தைத்து ஒட்டுகிறவனுக்குத் தன் வாயிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வராது. அந்த வருடம் அந்த நாலும் வற்றிப்போயின. கேட்டால் 'ம்', கேட்காவிட்டால் அதுவும் இல்லை. கிணற்றில் கல் போட்டால் கூட ஒரு சத்தம் வரும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "நான் அக்கா வீட்டுக்குப் போறேன். எப்ப வருவேன்னு தெரியாது" என்றாள். 'போகாதே' என்கிற ஒரு சொல்லுக்காகப் பெட்டியை மூடாமல் நின்றாள். அவன் வெகுநேரம் யோசித்தான்.

"வண்டி ஓடாதே," என்றான். "டாக்ஸி வரச் சொல்லட்டுமா?"

அது நடந்து ஐந்து மாதம்.

அக்கா தட்டைத் துடைத்தபடி அறைக்குள் வந்தாள். "நீ மனசுல கோட்டை கட்டாதேடி. புது எஞ்சினை எங்கேயாவது ஓட்டித்தான் ஆகணும். நம்ம ரோடு மேடு பள்ளம் இல்லாம இருக்கு, சிக்னலும் கிடையாது. அவரு உன்னைப் பாக்க வரல. ஐநூறு கிலோமீட்டர் முடிக்க வராரு."

அதுதான் அவளையும் அரித்தது. அக்கா கீழே போனதும் துணி வெட்டும் மேசையில் சாக்குக்கட்டியால் கணக்குப் போட்டாள். தங்கள் வீட்டிலிருந்து இங்கே பதினொன்று, போக வர இருபத்திரண்டு. ஞாயிறுகளில் நாலு நடை. கூட்டிப் பார்த்தால் நானூற்று எண்பத்து நாலு வந்தது. நாளையோடு ஐநூறு தாண்டிவிடும். அதற்கு மறுநாளும் அவன் வந்தால், வந்தது தனக்காக. வராவிட்டால் இத்தனை நாளும் வந்தது பிஸ்டனுக்காக.

பதினேழாம் நாள் வந்தான். பதினெட்டாம் நாள் மதியத்திலிருந்தே அவளுக்கு ஊசி கோணலாக ஓடியது. ஒரு காலரை இரண்டு முறை பிரித்தாள். ஐந்து ஐம்பதுக்குத் தெருமுனையில் சத்தம் கேட்டதும் கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"ரொம்ப ஆடாதே," என்றாள் பக்கத்தில் வந்து நின்ற அக்கா. "பின்னாடி புகையைப் பாரு. இன்னும் டபுள் ஆயில்தான். உன் கணக்கு தப்பு. இன்னும் முடியல."

புகை இருந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை, தைத்த சட்டைகளை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் மெக்கானிக் ஷெட்டுக்குள் நுழைந்தாள்.

"வாம்மா! வழி தெரிஞ்சுதா?" என்றார் மெக்கானிக், தரையில் உட்கார்ந்தபடியே.

"அண்ணே, எங்க வீட்டு வண்டி ஐநூறு முடிய இன்னும் எவ்வளவு இருக்கு?"

"ஐநூறா? அது முடிஞ்சு ஒரு வாரத்துக்கு மேல ஆச்சே. பழைய மீட்டர் செத்துப்போச்சுன்னு நான்தான் புதுசு மாட்டிவிட்டேன், பூஜ்யத்துலேருந்து. தினம் பைண்டிங் கடைக்குப் போய் வர்றதே கொஞ்சமா? ஐநூத்தி ரெண்டுல கொண்டுவந்தாரு. ஹெட் போல்ட்டெல்லாம் திரும்ப இறுக்கி, 'இனிமே ஆயிலைக் குறைங்க, தாராளமா ஓட்டுங்க'ன்னு அனுப்பிட்டேன்."

"அப்ப ஏன் புகை வருது?"

"நல்லாக் கேட்டே! நாலு நாள் முன்னாடி பிளக் அடைச்சு, தள்ளிக்கிட்டு வந்தாரு. கழட்டினா உள்ளே ஒரே கரி. இன்னும் டபுள் ஆயில் ஊத்துறாரு மனுஷன். ஏன்யான்னு கேட்டா, 'இன்னும் கொஞ்சம் பழகட்டும்ணே'ங்கறாரு. அது எஞ்சினா, புது மாப்பிள்ளையா, கூச்சம் தெளியறதுக்கு?" அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். "நான் சொன்ன சொல்லை மீறாத ஆளும்மா அவரு. இந்த ஒண்ணுலதான் எங்கேயோ இடிக்குது. என்னம்மா, ஏன் ஒரு மாதிரி நிக்கறே?"

"ஒண்ணுமில்லண்ணே. புகை கண்ணுல பட்டுருச்சு."

ஷெட்டில் எந்த வண்டியும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கே கீழே இறங்கிவிட்டாள். எதிர்வீட்டுச் சுவரின் நிழல் பாதித் தெருவைக் கடந்திருந்தது. சத்தம் திரும்பியது, நெருங்கியது, அவளைக் கண்டதும் தடுமாறிக் குறைந்தது. முன்சக்கரம் அவளுக்கு ஒரு முழத்தில் நின்றது. எஞ்சினை அணைக்கத் தோன்றாமல் அவன் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். விரல் நகங்களில் காய்ந்த பசை வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"எவ்வளவு ஓடியிருக்கு?" என்றாள்.

அவன் இடது உள்ளங்கை மீட்டரின் மேல் போய் உட்கார்ந்தது. "நானூத்திச் சொச்சம்."

"அப்ப இன்னும் முடியல."

"இல்ல. ஆயில் கூட ஊத்தணும். அதான் புகை. அக்கா ஏதாச்சும் சொன்னாங்களா?"

"சொல்லாம இருப்பாளா?" மாடி ஜன்னலில் அக்காவின் தலை தெரிந்தது. அவள் அதைப் பார்க்காததுபோல் இருந்தாள். "சரி, நான் பின்னாடி ஏறிக்கலாமா?"

அவன் வாய் திறந்தது. 'ஐநூறு முடியாம ஆள் ஏத்தக் கூடாதே' என்பது நாக்கு நுனிவரை வந்து நிற்பதை அவளால் பார்க்க முடிந்தது. ஏற்றினால் பொய் உடையும். மறுத்தால் அவள் திரும்பி மாடியேறிவிடுவாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான், காலியான பின்சீட்டைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். பிறகு அந்தக் கையை மெதுவாக எடுத்தான்.

தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு.

"பொய் சொல்லக்கூடத் தெரியுதே உங்களுக்கு."

"முடிஞ்சிருச்சுன்னா இந்தப் பக்கம் வர ஒரு காரணம் வேணுமே," என்றான். "நீ கேட்டா சொல்ல."

"நான் கேக்கவே இல்லையே." அவள் குரல் உடைந்தது. "பத்தொன்பது நாளா அந்த ஜன்னல்லதான் உக்காந்திருக்கேன். ஒருநாளாவது ஏன் வந்தீங்கன்னு கேட்டேனா?"

வண்டி நின்ற இடத்திலேயே குதித்துக் குதித்து ஓடிக்கொண்டிருந்தது. இருவருக்கும் நடுவில் புகை சுற்றியது. அவன் ஏதோ சொன்னான். உதடு அசைந்தது தெரிந்தது, எஞ்சின் அதை விழுங்கிவிட்டது. அவனுக்கே அது உறைத்திருக்க வேண்டும். குனிந்து சாவியைத் திருப்பினான். தெரு சட்டென்று அமைதியானது.

"வீட்டுக்கு வா," என்றான்.

"கேக்கல," என்றாள் அவள். நன்றாகவே கேட்டிருந்தது.