குழாயில் வெறும் காற்று

ஞாயிற்றுக்கிழமை வரை தண்ணீர் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை ஆர்டிஸ் காபி போடக் குழாயைத் திறந்தாள். கட்டிலுக்கு அடியில் இருந்த பம்பு டர்ரென்று கத்தியது. குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுக் காற்றைத் துப்பியது. இன்று புதன்கிழமை. இன்னும் அதே காற்றுதான்.

வேறு சமயமாக இருந்தால் அவள் அலட்டிக்கொள்ள மாட்டாள். பழைய மோட்டார் ஹோம்; டகோட்டா குளிருக்குத் தப்பித் தெற்கே ஓட்டிவந்த சக்கர வீடு. ஒன்று மாற்றி ஒன்று மக்கர் பண்ணத்தான் செய்யும். ஆனால் நாளைக் காலை ஒரு கூட்டம் வண்டிகள் அரிசோனாவின் இந்தப் பாலைவனத்தை விட்டு, எல்லை தாண்டி, மெக்ஸிகோ கடற்கரைக்குக் கிளம்புகின்றன. வடக்கு டகோட்டாவில் கோதுமை வயலுக்கு நடுவே பிறந்த ஆர்டிஸ் எழுபது வயதாகியும் கடலைப் பார்த்ததில்லை. இந்தப் பயணத்துக்காகப் புருஷன் டெல்மரை வருஷக்கணக்காக நச்சரித்து, இந்தக் குளிர்காலத்தில்தான் வழிக்குக் கொண்டுவந்திருந்தாள். கூட்டத்தை நடத்திப் போகும் ஹார்லனோ கறாரான ஆள். போகிற இடத்தில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. குழாயில் தண்ணீர் வராத வண்டிக்கு என் பின்னால் இடமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். சாயங்காலம் ஒவ்வொரு வண்டியாக ஏறிப் பார்க்கப்போகிறான்.

இவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தாள். வெளியே போனாள், உள்ளே வந்தாள். டேங்க் முள் நிறைந்திருப்பதாகத்தான் காட்டியது. பம்பும் ஓடியது. பிறகு தண்ணீர் எங்கே போய்த் தொலைந்தது?

இந்தப் பாலைவனத்தில் எவனாவது வண்டியின் பக்கக் கதவைத் திறந்துவிட்டால் போதும், மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நாலு கிழவர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். திங்கட்கிழமையும் வந்தார்கள்.

"பம்புக்குள்ள ரப்பர் கிழிஞ்சிருக்கும்யா."

"அதெல்லாம் இல்ல, வடிகட்டியில மண்ணு. கழட்டி ஊது."

"டேங்க் வாயில வாயை வச்சு ஒரு ஊது ஊதிப் பாரு, டெல்மர். காத்து அடைச்சிருந்தா விட்டுடும்."

"அவன் ஊதினா பல்செட்டுதான் உள்ள போகும்!"

மற்ற நாளாக இருந்தால் டெல்மர் ஆளுக்கொரு பீர் கொடுத்துப் பொழுது சாயும்வரை பேசியிருப்பான். ட்ராக்டர் மெக்கானிக்காகவே காலம் தள்ளினவனுக்கு இதைவிடச் சுகம் எது? ஆனால் அன்றைக்கு, "என் வண்டியை நான் பாத்துக்கறேன், போங்கப்பா" என்று விரட்டாத குறையாக அனுப்பிவிட்டான். ஆர்டிஸுக்கு அப்போதே என்னமோ போலிருந்தது. மானப் பிரச்சினை போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

"ஊருக்குள்ள போயி புதுப் பம்பு வாங்கிட்டு வந்தா என்ன?" என்று இன்று காலையும் கேட்டாள்.

"இந்தப் பழைய வண்டிக்கு எவன் வச்சிருப்பான்?" அவன் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "கடல் எங்க ஓடிப்போகுது? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம், அடுத்த வருஷம்! உன் அடுத்த வருஷத்தைக் கொண்டுபோயி குப்பையில போடு."

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு, பழைய சாமான் சந்தையில் ஏதாவது கிடைக்குமா பார்க்கிறேன் என்று நடந்துவிட்டான்.

அவன் தலை மறைந்ததும் ஆர்டிஸ் மெத்தையைத் தூக்கி நிறுத்தி, பலகையைக் கழற்றி, டார்ச்சோடு குப்புறப் படுத்தாள். முழங்கால் விண்ணென்று தெறித்தது. ஓடுகிற பம்பு தண்ணீரை இழுக்காமல் காற்றை இழுக்கிறது என்றால், எங்கேயோ ஓட்டை இருக்கவேண்டும்; அவ்வளவு அவளுக்கும் தெரியும். பம்பை ஓடவிட்டு, டேங்க்கிலிருந்து வரும் குழாயை இணைப்பு இணைப்பாக விரலால் தடவிக்கொண்டே வந்தாள். எங்கும் ஈரமில்லை, கிளிப்புகள் இறுக்கமாக இருந்தன. பம்புக்குப் பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்கு ஒரு குட்டிக் குழாய், எதிலும் சேராமல் தொங்கியது. அதன் வாயில் விரல் பட்டதுதான் தாமதம், கன்றுக்குட்டி மாதிரி சப்பென்று விரலைப் பிடித்து இழுத்தது.

அந்தக் குட்டிக் குழாய் எதற்கு என்று டகோட்டாவிலிருந்து வருகிற எவருக்கும் தெரியும். அங்கே குளிர்காலத்தில் வண்டியை நிறுத்தி வைத்தால் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து வெடித்துவிடும். அதனால் இலையுதிர் காலத்தில் டேங்க்கைக் காலி செய்து, வால்வைக் குட்டிக் குழாய்ப் பக்கம் திருப்பி, டப்பாவிலிருந்து குளிரில் உறையாத ரோஸ் நிறத் திரவத்தைப் பம்பு உறிஞ்சவிடுவார்கள். தெற்கே வந்ததும் வால்வைத் திருப்ப மறந்து முழிக்கிறவர்கள் வருஷத்துக்குப் பத்துப் பேர் உண்டு.

ஆர்டிஸ் வால்வைத் திருப்பினாள். பம்பின் கத்தல் அடங்கிக் கனத்த உறுமலாக மாறியது. சமையல் குழாய் மூன்று தும்மல் தும்மிவிட்டுத் தண்ணீராகக் கொட்டியது. சந்தோஷத்தில் அவள் கத்தியேவிட்டாள்.

கத்தல் பாதியில் நின்றுவிட்டது. இவர்கள் மறக்கவில்லையே! வந்ததிலிருந்து ஞாயிறு வரை இதே குழாயில்தானே குளித்தார்கள்? வால்வு தானாகவா திரும்பும்? கட்டிலுக்கு அடியில் அது இருப்பது அவளைத் தவிர ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும்.

டெல்மர் வெறுங்கையோடு திரும்பி வந்து படியில் கால் வைத்தவன், தண்ணீர்ச் சத்தம் கேட்டு அப்படியே நின்றான்.

"வால்வைத் திருப்பினது யாரு? எலியா?" என்றாள் ஆர்டிஸ்.

அவன் தொப்பியைக் கழற்றினான். "நான்தான்."

"கடலுக்குப் போக இஷ்டமில்லைன்னா வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன? மூணு நாளா என்னைப் பைத்தியக்காரியா ஆக்கிட்டியே! பம்பையே உடைச்சிருக்கலாமே, கண்டுபிடிச்சே இருக்க மாட்டேன்."

"நல்லா ஓடற பம்பு, ஆர்டிஸ். அதை எப்படி உடைக்கறது?"

அவள் கையிலிருந்த ஈரத்துணியை அவன்மேல் எறிந்தாள். அது முகத்தில் பட்டு விழுந்தது. அவன் விலகக்கூட இல்லை, வந்ததையே பார்க்கவில்லை.

"கண்ணு போச்சு," என்றான். "நடுவுல அழுக்கு மாதிரி நிக்குது. உன் முகத்தை நேராப் பாத்தா காது தெரியுது, மூக்கு தெரியல. டாக்டர் செப்டம்பர்லயே சொல்லிட்டான். இன்னும் ஒரு வருஷமோ, ரெண்டு வருஷமோதான் தெரியும்னான்."

"வெறும் கண்ணாடி மாத்தணும்னு சொன்னியே!"

"வேற என்னத்தைச் சொல்லச் சொல்ற?"

ஆர்டிஸுக்கு இங்கே வரும் வழியில் இருந்த ஒரு மலையிறக்கம் ஞாபகம் வந்தது. எதிரே வந்த லாரி ஹாரனை அலறவிட்டதும், இவன் சட்டென்று ஓரம் கட்டியதும், அவள் சிரித்துக்கொண்டே சாண்ட்விச்சை நீட்டியதும்.

"பாவி! அந்தக் கண்ணோடயா என்னை வச்சு ஓட்டிட்டு வந்தே?"

"அந்த லாரிக்கு அப்புறம்தான் பயந்துட்டேன். இனி தொட மாட்டேன். உங்கிட்ட சொல்லத்தான் வாய் வரல."

அவள் வாய்விட்டு அழுதாள். அவன் மேல் வந்த கோபத்துக்குப் பாதி, அவனுக்காக மீதி. டெல்மர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தோளை இரண்டாவது தடவைதான் சரியாகத் தொட்டான். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

"சாவியைக் குடு."

"என்ன விளையாடறியா? முப்பதடி வண்டி!"

"அறுவடைக்கு உங்கப்பனோட கோதுமை லாரியை ஓட்டினது யாரு, உன் தங்கச்சியா?"

"அது அம்பது வருஷத்துக்கு முந்தி."

"நீ ஸ்டியரிங்கை விட்டுக் குடுத்திருந்தா நடுவுலயும் ஓட்டியிருப்பேன். குடு இப்படி."

டெல்மர் முதல்முறையாக, ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். அவள் வண்டியைக் கிளப்பி, முட்செடிகளுக்கு நடுவே முகாமை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒருத்தரின் மடக்கு நாற்காலி மட்டும் சக்கரத்தில் மாட்டி நசுங்கியது. கிழவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். டெல்மர் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தான். ஹார்லன் வழியில் நின்று கையைக் காட்டினான், ஏறிவந்தான், குழாயைத் திறந்து பார்த்துத் தலையாட்டினான்.

"நாளைக்கு எனக்குப் பின்னாடியே வா, டெல்மர்."

"என்கிட்ட சொல்லு," என்றாள் ஆர்டிஸ். "நான்தான் ஓட்டறேன்."

ஹார்லன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனான். டெல்மர் கண்ணாடிக்கு வெளியே எதையோ பார்த்தபடி இருந்தான்.

"அங்க போனதும் கடல் எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லுவியா?"

"மாட்டேன். நீயே பாக்கற. அதுக்குத்தான் நாளைக்கே போறோம்."