பாத்ரூமில் விழுந்தவன்

வெளிநாடுகளில் பாலம், அணை என்று அரசாங்க வேலைகளாகப் பார்த்து எடுக்கும் கம்பெனி அது. அங்கே கம்பி மேஸ்திரிக்கு இருந்த பெரிய பவுசு, அந்த நாட்டு பாஷை அவருக்குத் தெரியும் என்பதுதான். கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ யார் போனாலும் அவர்தான் வாய். அந்த வாய்தான் கடைசியில் குடியைக் கெடுத்தது.

காலையில் வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்தில், பாலத்துச் சாரத்திலிருந்து அவருடைய தங்கை புருஷன் விழுந்தான். இரண்டு மாடி உயரம். ஆனால் எழுந்து உட்கார்ந்துவிட்டான்! "கைதான் மச்சான் வலிக்குது, வேற ஒண்ணுமில்ல" என்று சிரிக்கக்கூடச் செய்தான்.

சேப்டி ஆபீசர் ஓடி வந்தார். விழுந்தவனைப் பார்ப்பதற்கு முன்னால் சுற்றுமுற்றும் பார்த்தார், புண்ணியவான்.

"மேஸ்திரி, அணைக்கட்டு வேலை நம்ம கைக்கு வரப்போற நேரம். சைட்ல ஆக்சிடெண்டுன்னு ஆஸ்பத்திரியில சொன்னா அதுவும் போச்சு, இதுவும் போச்சு. நீ, உன் மாப்பிள்ளை, எல்லாரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். கேம்ப் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தான்னு சொல்லிடு. என்ன குறைஞ்சுடப் போகுது?"

மேஸ்திரி மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். தங்கை வீட்டில் அடுப்பு எரிவதே இந்த வேலையை நம்பித்தான். மாப்பிள்ளையும், "சொல்லிடுங்க மச்சான், வேலை போயிடக் கூடாது" என்றான்.

ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தான் என்று டாக்டர் கேட்டார். மேஸ்திரி பாத்ரூம் என்றார், சோப்புத் தண்ணி என்றார், கேட்காததையும் சேர்த்து அளந்தார். டாக்டர் கையை மட்டும் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். பாத்ரூமில் வழுக்கியவனின் வயிற்றை அவர் எதற்குத் தொட்டுப் பார்க்கப் போகிறார்?

மத்தியானம் கேம்ப்பில் படுத்திருந்த மாப்பிள்ளை தண்ணீர் கேட்டான். குடித்ததை அப்படியே வாந்தி எடுத்தான். முகம் வெளுத்து, சட்டை வேர்வையில் தெப்பமாகி, வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. "மாப்ளே, மாப்ளே" என்று கன்னத்தைத் தட்டினால் கண் மட்டும் அசைந்தது. மேஸ்திரி யாரையும் கேட்கவில்லை. வேனை எடுக்கச் சொன்னார்.

அதே டாக்டர். வயிற்றில் கை வைத்தவர் நிமிர்ந்து மேஸ்திரியைப் பார்த்தார். கூட வந்த சேப்டி ஆபீசர் மேஸ்திரியின் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். மேஸ்திரி உதறினார்.

"பாலத்துலேர்ந்து விழுந்தான். ரெண்டு மாடி. நான் பொய் சொன்னேன்!" என்று அந்த பாஷையிலேயே கத்தினார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

யார் சொன்னார்களோ, தங்கையின் போன் வந்துவிட்டது. "அண்ணே, அவருக்கு என்னாச்சு?" என்று அவள் கேட்கும்போதே கதவு திறந்தது. டாக்டர் வந்து நின்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். போனில் அவளுக்கும் அந்தக் குரல் கேட்டது.

"டாக்டர்தானே பேசுனாரு? ஒண்ணும் புரியலையே. என்னண்ணே சொன்னாரு?"

சேப்டி ஆபீசர் வேண்டாம் என்று கண்ணால் ஜாடை காட்டினார். மேஸ்திரி சுவரில் சாய்ந்துகொண்டார்.

"உள்ளேயே ரத்தம் கொட்டி உயிர் போயிடுச்சும்மா," என்றார். "காலையிலேயே உண்மையைச் சொல்லியிருந்தா பொழைச்சிருப்பானாம். பாத்ரூம்ல விழுந்தான்னு சொன்னது நான்தாம்மா."