கணக்குப் பரீட்சை அன்று

பள்ளி வாசலில் அப்பா நிற்பதைப் பார்த்ததும் மாளவிகா பேனாப் பையை மூடாமலே நின்றுவிட்டாள். பரீட்சை நாளில் அவர் வந்ததே இல்லை. வேன்தான் வரும். அவர் தலை ஈரமாக இருந்தது. மதியத்தில் குளித்திருக்கிறார்.

“எல்லாம் அட்டெண்ட் பண்ணியா?”

“ம்.”

“கடைசி ஃபைவ் மார்க்?”

“போட்டேன்.”

உண்மைதான். எல்லாம் எழுதி, நேரம் மிச்சம் வைத்து, இரண்டு முறை சரிபார்த்திருந்தாள்.

கார் ஓட்டிக்கொண்டே அப்பா திங்கட்கிழமை கெமிஸ்ட்ரியைப் பற்றிப் பேசினார். சிட்லபாக்கம் ஏரியைத் தாண்டித் தெருவுக்குள் திரும்பியபோது, ரோட்டில் சாமந்தியும் பொரியும் நசுங்கிக் கிடந்தன. யார் வீட்டிலோ என்று நினைத்தாள். அவர்கள் வீட்டு கேட்டைத் தாண்டிப் பூ இல்லை.

“உதயா மாமாவா?”

அப்பா இன்ஜினை நிறுத்தினார். “நீ சாப்பிட்டப்புறம் சொல்லலாம்னு இருந்தோம்.”

ஹாலைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஃபினாயில் வாசனை. அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். உதயா அவளுடைய தம்பி. கிட்னி போய், டயாலிசிஸுக்கு வசதி என்று மாடி அறைக்கு வந்தவர். காலையில் இட்லி சாப்பிடும்போது மாளவிகா கேட்டாள், “மாமா ஹாஸ்பிடல்லேர்ந்து எப்ப வராரு?” “தூங்குறானாம். நீ சாப்பிடு” என்று அம்மா சட்னி ஊற்றினாள். அப்போது மாமா இறந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

பக்கத்து வீட்டு சரோஜினி ஆன்ட்டி சாம்பார் சாதம் கொண்டுவந்தார்.

“கடைசியா மொகத்தப் பாக்காம போயிட்டியேம்மா. மூணு மணிக்கும் மயானத்துல டைம் இருந்துச்சாம். உங்கப்பாதான் பதினொண்ணே போதும்னுட்டாரு.”

“அக்கா, அத வெச்சிட்டுப் போங்க” என்றாள் அம்மா.

ஆன்ட்டி போனதும் அப்பா சொன்னார், “இன்னும் மூணு பேப்பர் இருக்கு. போன வருஷம் மாதிரி ஆயிடக் கூடாதேன்னுதான்.”

போன வருஷம் அவள் கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தாள். ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. அப்பா வெளியில் நின்று மாடல் எக்ஸாம் தேதியைச் சொன்னார். அம்மா, மானம் போகிறது என்றாள். மாமா கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். “தொறக்கவே வேணாம். ஆனா எனக்கு போரடிக்குதுடி. சும்மா ரெண்டு திட்டாவது திட்டேன்.” சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். கடைசியில் திட்டினாள்.

“எனக்குக் காலையிலயே தெரியும்” என்றாள் மாளவிகா.

அம்மா நிமிர்ந்தாள். “என்ன தெரியும்?”

“மாமா செத்துட்டாருன்னு.”

“தெரிஞ்சா ஏன்டி எங்கிட்ட கேட்டே?”

“நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான்.”

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அடுத்தது இன்னும் சுலபமாக வந்தது.

“அதான் எதுவும் எழுதல. நம்பர் மட்டும் போட்டு வெறும் பேப்பரக் குடுத்துட்டேன்.”

“விளையாடாத. கடைசி ஃபைவ் மார்க் போட்டேன்னு சொன்னியே?” என்றார் அப்பா.

“நீங்களும்தான் வழியெல்லாம் கெமிஸ்ட்ரி பத்திப் பேசிட்டு வந்தீங்க.”

அப்பா ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். பப்ளிக் எக்ஸாம் ரிசல்ட் மே மாதம்தான். அதுவரை அவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். யாருக்காக என்று கேட்க மாளவிகா வாயெடுத்தாள். கேட்காமல், சாம்பார் சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டாள். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கை கழுவிவிட்டு மாடிக்குப் போனாள். மாமாவின் மெத்தையைச் சுருட்டி மொட்டை மாடியில் போட்டிருந்தார்கள். மாத்திரைகளும் செருப்பும் இல்லை. ஜன்னலோரத்தில் அவருடைய தண்ணீர் பாட்டில் மட்டும் தப்பியிருந்தது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னதற்காக, மார்க்கரால் கோடுகள் போட்டு வைத்திருந்தார். காலை, மதியம், ராத்திரி. முதல் கோடுவரைகூடக் குறையவில்லை.

கீழே அப்பா யாரிடமோ போனில் “சார், சார்” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அம்மா படியேறி வந்து வாசலில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

“மாளு. ஒண்ணுகூடவாடி எழுதல?”

மாளவிகா பாட்டிலைத் திறந்து குடிக்கத் தொடங்கினாள். முதல் கோடு தாண்டியது. இரண்டாவதும் தாண்டியது. அம்மா நின்றுகொண்டே இருந்தாள்.