தம்பியின் கையெழுத்து

என் கணவருக்கு மாட்டேன் என்ற சொல் மட்டும் வாயில் வராது. வந்திருந்தால் இந்தக் கூத்தே நடந்திருக்காது.

கூடத்தில் இரண்டு மேசை, இரண்டு கணினி, ஒரு ஃபோன். எங்கள் கம்பெனி அவ்வளவுதான். அவர் மென்பொருள் எழுதுவார். நான் அதைச் சோதித்துப் பார்ப்பேன், ஃபோன் அடித்தால் எடுப்பேன். நாங்கள் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று, பேச்சுப்பலகை. புற்றுநோய் வந்து என் மாமனாருக்குக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அவர் தட்டச்சு செய்வதைக் கணினி உரக்கச் சொல்வதற்காக எழுதியது அது. பிறகு அதே நிலையில் இருந்தவர்கள் யார் யாரோ கேட்டார்கள், கொடுத்தோம். பலகை பேசுவது என் கணவரின் குரலில். அதனால் எங்கள் வீட்டில் அப்பாவும் பிள்ளையும் ஒரே குரலில் சண்டை போடுவார்கள்.

மென்பொருளை வெளியே விடும்போது, இது இன்னார் செய்தது, நடுவில் யாரும் கை வைக்கவில்லை என்பதற்குக் கோப்பின்மேல் டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாத கோப்பைக் கணினி சந்தேகமாகத்தான் பார்க்கும். அந்தக் கையெழுத்தைக் கேட்டுக்கொண்டு வந்தான் இவருடைய கல்லூரி நண்பன். தேன் ஒழுகப் பேசுவான். நான் அவனுக்கு வைத்த பெயர் சர்க்கரை. புகைப்படங்களை அழகாக்கும் சின்ன மென்பொருளாம், சொந்தக் கையெழுத்து கிடைக்க நாளாகுமாம், உன்னுடையதைப் போட்டுக் கொடேன் என்றான். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்தாவது பாருங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அவன் என்கூடப் படித்தவன் என்று சொல்லிப் போட்டுக் கொடுத்தார். அதோடு நின்றாரா? சர்க்கரை தினமும் ஒரு புதுக் கோப்பு அனுப்பினான். இந்த மனுஷனும் தினமும் போட்டார்.

இவருடைய அக்கா, அதாவது நான் அண்ணி என்று கூப்பிடும் என் நாத்தனார், ஆன்டிவைரஸ் கம்பெனியில் இருக்கிறார். திருட்டுத்தனமாக விளம்பரம் காட்டும் ஆட்வேர்களைப் பிடிப்பதுதான் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை. மடிக்கணினியைத் திறந்து தம்பியின் முன்னால் வைத்தார். சர்க்கரையின் மென்பொருளை நிறுவியவர்களுக்கு எங்கே தொட்டாலும் விளம்பரம் கொட்டுகிறதாம். நீக்கினாலும் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறதாம். அவன் கோப்பைத் தினமும் மாற்றுவதால் ஒவ்வொன்றாகப் பிடித்து மாளவில்லை. ஆனால் எல்லாக் கோப்பிலும் கையெழுத்து மட்டும் ஒன்றே, அதில் தம்பியின் பெயர்.

"நாளைக்குக் காலையில இந்தக் கையெழுத்தையே தடை பண்ணப் போறேன்டா. இது இருக்கிற எந்தக் கோப்பையும் எங்க ஆன்டிவைரஸ் விட்டு வைக்காது" என்றார் அண்ணி.

அப்படியென்றால் பேச்சுப்பலகையும் போய்விடும். அதன்மேலும் அதே கையெழுத்துதான், அதை வைத்திருப்பவர்கள் பலரிடமும் இருப்பது அண்ணி கம்பெனியின் ஆன்டிவைரஸ்தான். என் கணவர் அக்காவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். வேறு கையெழுத்து வாங்கிப் பலகையில் போட்டு எல்லோருக்கும் அனுப்பும்வரை பொறு என்றார். அதற்குள் இன்னும் எத்தனை கணினியைக் கெடுப்பது என்று அண்ணி கேட்டார். அது நியாயம்தான். ஆனால் பலகையின் கோப்பை மட்டும் விதிவிலக்காக விடலாம், ஒரு வரி எழுதினால் போதும். எனக்கும் கொஞ்சம் விஷயம் தெரியும் என்பதால் நானே அதைக் கேட்டேன்.

அண்ணி என்னை ஏறிட்டுப் பார்த்தார். "விடலாம். விட மாட்டேன்."

பிறகு கொட்டித் தீர்த்தார். ஆஸ்பத்திரியில் அப்பாவின் தொண்டைக் குழாயைக் கழுவியது அவர், சளியை எடுத்தது அவர். பலகை வந்ததும் அப்பா சொன்ன முதல் பேச்சு, என் பையன் எனக்கு வாய் குடுத்தான் என்பது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இன்றுவரை அதே பாட்டு.

"அவன் குடுத்த வாய் எப்பேர்ப்பட்ட வாய்னு எல்லாரும் பார்க்கட்டும்" என்றார்.

அண்ணி பட்ட பாட்டை நானும் பார்த்தவள்தான். அதற்காக முகம் தெரியாதவர்கள் வாயில் மண்ணைப் போடுவதா? அதிலும் கிளம்பும்போது என்ன செய்தார் தெரியுமா? மாமனாரின் அறைக்குப் போய், அவர் கணினியில் மட்டும் பேச்சுப்பலகையைத் தொடாதே என்று ஆன்டிவைரஸில் குறித்து வைத்துவிட்டுப் போனார். தன் அப்பா ஆயிற்றே.

திங்கட்கிழமை சொன்னதைச் செய்துவிட்டார். எங்கள் ஃபோன் ஓயவில்லை. பலகை காணாமல் போனது மட்டுமில்லை, ஆபத்தான கோப்பு நீக்கப்பட்டது என்று திரையில் சிவப்பாக வந்திருக்கிறது. எங்கப்பாவோட நோயைக் காட்டியா வைரஸ் விக்கறீங்க என்று ஒருத்தி காறித் துப்பாத குறை. நான் சொல்லக்கூடிய வழி ஒன்றுதான்: ஆன்டிவைரஸைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள், பலகையை மறுபடி நிறுவுங்கள். மோசடிக்காரர்கள் ஃபோனில் சொல்வதும் அட்சரம் பிசகாமல் இதையேதான். யார் கேட்பார்கள்? சர்க்கரை ஃபோனை அணைத்துவிட்டான். என் கணவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாரே தவிர ஒரு அழைப்பைக்கூட எடுக்கவில்லை.

அப்போது டீச்சரம்மாவின் எண் வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. பலகையை வைத்துக்கொண்டு காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவார். காலையில் என்னை அழைத்து, சாப்பிட்டியா கண்ணு என்று என் கணவரின் குரலில் கேட்பார்; எனக்குச் சிரிப்பு தாங்காது. இன்று மூச்சு மட்டும் கேட்டது. தொண்டைத் துளை வழியாக வரும் அந்த மூச்சு எனக்கு நன்றாகப் பழகிய சத்தம்.

"டீச்சரம்மா, நீங்கதானே? ஆமான்னா ஒரு தட்டு தட்டுங்க."

தட்டினார். எனக்கு உயிர் வந்தது. ஆன்டிவைரஸை நிறுத்துவது எப்படி என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஆபத்து என்று வரும், பயப்படாதீர்கள், சரி என்பதை அழுத்துங்கள் என்றேன். மூச்சு வேகமானது. யார் இப்படிச் சொன்னாலும் நம்பக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். இணைப்பைத் துண்டித்துவிட்டார். மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. இன்னொரு முறை அழைத்தபோது என் எண்ணையே தடுத்திருந்தார். நான் வெட்கம் பார்க்காமல் அழுதேன்.

சத்தம் கேட்டு மாமனார் மடிக்கணினியும் கையுமாகக் கூடத்துக்கு வந்து, என் மேசையில் அதை வைத்து உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று என் கணவர் சொன்னார். யார் யாருக்கெல்லாம் பேச்சு போயிற்று என்பதையும் சொன்னார். மாமனார் பொறுமையாகக் கேட்டுவிட்டு விசைகளைத் தட்டினார். பலகை பேசியது.

"எனக்கு வருதே. அப்புறம் என்ன?"

ஃபோன் மறுபடி அடித்தது. தலை வலிக்கிறது, அதை எடுத்துக் கீழே வை என்று பலகை வழியாக மாமனார் எனக்கு உத்தரவு வேறு போட்டார். நான் ஃபோனை எடுக்கவில்லை. அவர் கணினியை என் பக்கம் திருப்பினேன். ஒலியைக் குறைக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார், பேசாமல் விட்டார். அண்ணி குறித்து வைத்த விதிவிலக்கைத் தேடி எடுத்து நீக்கினேன். கண் மூடித் திறப்பதற்குள் ஆன்டிவைரஸ் பலகையை விழுங்கிவிட்டது. கணினியை அவர் பக்கமே திருப்பி வைத்தேன்.

தட்டினார், சத்தமில்லை. ஓங்கித் தட்டினார். பிறகு மகனைப் பார்த்து வாயைத் திறந்தார். தொண்டைத் துளையில் காற்று சீறியது. என் கணவர் பதறி எழுந்து வந்தார். நான் கணினியை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

"இப்ப சொல்லுங்க மாமா" என்றேன். "அப்புறம் என்ன?"