சகனுக்கு ஓர் ஆள் குறைகிறது

1

இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் செய்தியில் பிறந்தது. செய்தியை எழுதியவரும் கதையை எழுதுகிறவரும் ஒரே ஆள்: பேட்டையில் மாடி வீட்டில் குடியிருக்கும் மகேஸ்வரன், வாரப் பத்திரிகைகளில் துப்பறியும் தொடர் எழுதுகிறவர். தன்னைப் பற்றி 'நான்' என்று எழுத அவருக்குக் கூச்சம். செய்த காரியம் அப்படி. அதனால் படர்க்கையில் ஒளிந்துகொண்டிருக்கிறார். கண்டும் காணாததுபோல் இருந்துவிடுங்கள்.

முதல் தொடக்கம்: "அமாவாசை இருட்டு. தாமிரபரணி ஓலமிட்டது. பிஞ்சுக் கால்களின் சுவடு..."

(அடித்தாயிற்று. பிள்ளை காணாமல் போனது பட்டப்பகலில். ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர். ஓலமிட அதற்குத் தெம்பு கிடையாது.)

இரண்டாம் தொடக்கம்: "ஐந்து வயது அஸீலாவைக் காணவில்லை."

இது நிற்கட்டும். அஸீலா கீழ் வீட்டுத் தஸ்லிமாவின் மகள். அடுத்த தெரு மண்டபத்தில் அசன் மைதீன் அண்ணாச்சி வீட்டுக் கல்யாணம். அதற்குப் புறப்பட உம்மா சேலை மடிப்பை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் பிள்ளை வாசலைத் தாண்டிவிட்டாள்.

2

தையல்கடைக் கேமராவில் பார்த்தார்கள். தொழிற்பேட்டைப் பட்டறையில் வேலை செய்யும் பிகார்க்காரன் ஒருவனும் அஸீலாவும் கை கோத்துக்கொண்டு நடந்துபோகிறார்கள். அவ்வளவுதான் படம்.

"அண்ணே, நீங்க எழுதுத ஆளுல்லா. நாலு பேரு மனசுல தைக்க மாரி எழுதிப் போடுங்கண்ணே" என்று அழுதாள் தஸ்லிமா.

மகேஸ்வரன் எழுதினார். தெருக் குழுவுக்குப் போன வாசகம் இது: "முரட்டு வடநாட்டு ஆசாமி ஒருவன், கதறும் குழந்தையை ஈவிரக்கமின்றி இழுத்துச் சென்றான்!"

படத்தில் முரடும் இல்லை, கதறலும் இல்லை. தொடர் எழுதிப் பழகிய கை. வில்லன் வந்தால் முரடனாகத்தான் வருவான், குழந்தை என்றால் கதறித்தான் ஆகவேண்டும். அவர் மனைவி பிருந்தா படித்துவிட்டு, "கன்னத்துல தழும்பு ஒண்ணும் வைக்கலியா?" என்றாள்.*

* அதற்குள் செய்தி வண்ணார்பேட்டை வரை போய், அங்கிருந்து தழும்போடு திரும்பி வந்தது.

3

தஸ்லிமாவின் தம்பி ரசீத், செல்போன் கடை வைத்திருக்கிறவன், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத பையன், கையில் கட்டையோடு தெருவில் நின்றான். செய்தியைப் படித்துவிட்டுக் கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து வந்தவர்கள் அவன் பின்னால் திரண்டார்கள்.

"தகரக் கொட்டகைக்கு விடுங்கலே! வடக்கனுவ எல்லாம் அங்கனதான் கெடக்கானுவ!"

"தம்பி, படத்துல அவன் இழுக்கலியே..." என்று இழுத்தார் மகேஸ்வரன்.

"நீங்கதான அண்ணாச்சி எழுதியிருக்கீய!"

அவர் எழுத்தை ஒருவர் இப்படி வரிக்கு வரி நம்பியது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்படவேண்டிய மனிதர், தன் ஒரு வாக்கியத்தால் இன்றைக்கு யாரோ ஒருவன் செத்துவிடுவான் என்று பயந்தார். கூட்டம் ரோட்டு வழியே போக, அவர் கொட்டகைக்காரர்களை எச்சரிக்க மண்டபத்தின் பின்சந்து வழியாகக் குறுக்கே ஓடினார்.

(இங்கே ஒரு துரத்தல் காட்சி இருந்தது. "சிறுத்தையெனப் பாய்ந்த..." வேண்டாம். நின்று நின்று மூச்சு வாங்கினார்.)

மூச்சு வாங்க நின்ற இடம் மண்டபத்துச் சமையல்கட்டு வாசல். உள்ளே அஸீலா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்தப் பிகார்க்காரன்.

4

நடந்தது இவ்வளவுதான். கல்யாணத்தில் சகன் சாப்பாடு: ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடவேண்டும். அசன் மைதீன் அண்ணாச்சி வீட்டில் நாலு பேர் நிறையாமல் தட்டில் சோறு விழாது. தேடப் போகிறவர்கள் காரணம் சொல்லாமல் எழுந்து ஓடியதில் சகனுக்குச் சகன் ஆள் குறைந்தது. போனைப் பேரன்மாரிடம் விளையாடக் கொடுத்திருந்த அண்ணாச்சிக்கு ஒன்றும் தெரியாது. பின்வாசலில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் இழுத்து உட்காரவைத்தார். (இந்த 'இழுத்து' மிகையில்லை.)

"அண்ணா, பாப்பா நம்ம கை புடிச்சு இழுத்து வந்துச்சு" என்றான் பிகார்க்காரன். அவன் பெயர் பிர்ஜு. "பிரியாணி, பிரியாணி சொல்லுச்சு."

ஆக, இழுத்துச் சென்றது உண்மை. ஆள்தான் மாறிப்போயிற்று.

மகேஸ்வரன் உடனே குழுவில் போட்டார்: "குழந்தை கிடைத்துவிட்டது." அடைமொழி இல்லாத வாக்கியம், ஒருவரும் சட்டை செய்யவில்லை. ரசீதைப் போனில் கூப்பிட்டார்.

"லே, பிள்ளை மண்டபத்துலதான் இருக்கு."

"அவனும் அங்கன இருக்கானா?" போன் அணைந்தது.

5

மகேஸ்வரன் பிர்ஜுவை ஒட்டி, வாசலுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்தார். அடி விழுந்தால் தன் முதுகில் விழட்டும் என்றுதான். கூட்டம் வரும் சத்தம் கேட்டது. பின்னாலேயே ரசீதின் மூச்சுச் சத்தமும்.

"ரசீத், அவன் இழுக்கலை. இவ கதறலை. படத்துல இல்லாததை நாந்தான் சேத்து எழுதினேன்" என்றார், திரும்பாமலே.

அகப்பையோடு வந்த அண்ணாச்சிதான் பேசினார்.

"என்னலே கட்டையோட நிக்க? அடுப்புக்கு வெறகு இருக்கு. அதைப் போட்டுட்டு வந்து உக்காரு. இந்தச் சகனுக்கு ஒரு ஆளு கொறையுது."

6

மூன்று முடிவுகள் எழுதினார். ஒன்றில் ரசீத் கட்டையை எறிந்துவிட்டு பிர்ஜுவைத் தழுவிக்கொள்கிறான். ஒன்றில் கட்டை இறங்குகிறது. இன்னொன்றில் போலீஸ் ஜீப் வந்து...

பிருந்தா மூன்றையும் படித்தாள்.

"நீங்க வாசலுக்கு முதுகைக் காட்டிட்டுல்லா உக்காந்திருந்தீய? அந்த நிமிசம் ரசீத் மனசுல என்ன ஓடுச்சுன்னு பாத்தீயளாக்கும்? பாக்காததை எழுதிப்போட்டுத்தான இம்புட்டும்."

மூன்றையும் கிழித்தார். இனி ஒருவன் என்ன செய்தான் என்று அவர் பார்க்காமல் எழுதமாட்டார். ஆகவே கட்டை இப்போது உங்கள் கையில். கூட்டம் உங்கள் பின்னால் நிற்கிறது. முன்னால் ஒரு முதுகு, ஒரு பிகார்க்காரன், ஒரு வெறுந்தட்டு.

உங்களைப் பார்த்துத்தான் அஸீலா கேட்கிறாள்:

"சீக்கிரம் உக்காருங்க மாமா. நீங்க வந்தாத்தான் சோறு வைப்பாவளாம்."