காலருக்குள் சிவப்பு நூல்

எங்கள் சபையின் அடித்தளத்தில் ஒரு கோட்டு அறை உண்டு. அக்டோபரில் திறப்போம். யார் வேண்டுமானாலும் வந்து, போட்டுப் பார்த்து, பொருந்துவதை எடுத்துக்கொண்டு போகலாம். அமெரிக்காவின் பஃபலோ நகரத்துக் குளிரைக் கோட்டு இல்லாமல் தாண்ட முடியாது. பெயருக்குத்தான் அது சபையின் அறை. உண்மையில் அது சிஸ்டர் ஒடெசாவின் ராஜ்யம்.

போன வருஷம் ஊழியக் கமிட்டியில் டீக்கன் கிளமென்ட் அதை மூடிவிடலாம் என்றார்.

"வருஷா வருஷம் அதே முகங்க. நாம குடுத்துட்டே இருக்கோம், அவங்க வாங்கிட்டே இருக்காங்க. இதுக்குப் பேரு ஊழியமா? அந்த அறையில சிக்கன வகுப்பு நடத்தலாம். குடும்பத்த எப்படிக் கட்டுசெட்டா நடத்துறதுன்னு சொல்லிக் குடுக்கலாம்."

"யாரு சொல்லிக் குடுப்பா?" என்றார் சிஸ்டர் ஒடெசா.

"நான்தான்."

"யாரு, பெட்ரோல் போட மறந்து சபை வேனை நடுரோட்டுல நிறுத்தினவரா?"

பாஸ்டர் தன் சிரிப்பை இருமலாக மாற்றினார். "ஒரு வருஷம் பார்ப்போம். யாராவது முறையா மதிப்பீடு பண்ணட்டும். கோட்டு வாங்குறவங்க வாங்கிட்டே மட்டும்தான் இருக்காங்கன்னா, மூடிடலாம்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் உயிரியல் படித்தவள். அறிவியல் என்று தோன்றுவது எதுவானாலும், பழுதான காபி இயந்திரம் உட்பட, என்னிடம்தான் வரும். மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டும். தலையாட்டுவது எளிது. ஆட்டினேன்.

வாசலில் டீக்கன் ஜெபித்து முடிக்கும்வரை எல்லோரும் கையில் தொப்பியோடு நின்றோம். அவருடைய நிறைவு ஜெபத்துக்குள் ஒரு கோழியை வறுத்து எடுத்துவிடலாம்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி மீன் வழி. கல்லூரிக் கோடை விடுமுறைகளில் ஏரியில் மீன் பிடித்து, அடையாளம் போட்டு, திரும்ப விட்டுவிடுவோம். அடுத்த முறை வலையில் அதே அடையாளம் வந்தால் அந்த மீன் எங்கே போய்வந்தது என்று கொஞ்சம் புரியும். மனிதர்களிடம் கேள்வி கேட்க எனக்குக் கூச்சம். கோட்டுகளிடம் அந்தத் தொல்லை இல்லை.

"மனுஷங்களுக்கு அடையாளம் போடாதவரைக்கும் சரி, கண்ணு," என்று சொல்லி சிஸ்டர் ஒடெசா தன் தையல் பெட்டியைத் திறந்தார். எல்லாக் கோட்டுகளின் காலருக்குள்ளும் சிவப்பு நூலில் இரண்டு தையல் போட்டோம். வேறு யாரிடமும் சொல்லவில்லை. அறை திறந்தது. கோட்டுகள் போயின. பனி பெய்தது.

பக்கவாட்டுக் கதவருகே நன்கொடைப் பெட்டி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் அது நிரம்பி வழியும். புறநகரில் இருக்கும் பணக்காரச் சபையின் தாராளம் என்று டீக்கன் அவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதுவார்.

இந்தக் கோடையில் பெட்டியை நானே காலி செய்தேன். புறநகர்ச் சபையின் பைகளில் டென்னிஸ் பாவாடைகளும், பனிச்சறுக்குக் கண்ணாடிகளும், ஒரு கல்யாண சூட்டும் இருந்தன. மற்றதெல்லாம் கோட்டுகள். துவைத்தவை, பொத்தான் மாற்றித் தைத்தவை. ஒன்றின் பையில் யாரோ புதினா மிட்டாய் வைத்திருந்தார்கள்.

காலரைத் திருப்பினேன். சிவப்பு நூல். அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.

சிஸ்டர் ஒடெசா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடி ஆத்தீ! கறுப்புக் கோட்டு எல்லாம் ஒண்ணுபோலத்தான இருக்கு, எனக்கு எங்க தெரிஞ்சுது? நம்ம தெருக்காரங்களே குளிர் முடிஞ்சதும் கொண்டாந்து போட்டுட்டுப் போறாங்க. நன்றிக் கடுதாசி மட்டும் புறநகருக்குப் போகுது!"

நவம்பரில் கமிட்டி கூடியது. கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலன் பக்கத்து அறையில் உறுமிக்கொண்டிருந்தது. பாஸ்டர் சட்டைக் கையை மடித்துவிட்டு விசிறிக்கொண்டார். டீக்கன் புது ஒட்டக நிறக் கோட்டில் வந்தார்.

"பிறந்தநாளுக்கு என் சம்சாரம் வெர்னா வாங்கிக் குடுத்தது. டவுன்டவுன்ல பெரிய கடை. தொட்டுப் பாருங்க." அதைக் கழற்றி, எனக்கு முன்னாலிருந்த நாற்காலியின் முதுகில் பத்திரமாக மாட்டினார்.

நான் தலை நிமிராமல் அறிக்கையை வாசித்தேன். வாங்கியவர்களே திரும்பக் கொடுக்கிறார்கள், பிள்ளை வளர்ந்தால் சின்னதைப் போட்டுவிட்டுப் பெரியதை எடுக்கிறார்கள், பெட்டியை நிரப்புவது நம் தெருதான், சில கோட்டுகள் மட்டும் இன்னும் திரும்பவில்லை என்று வாசித்தேன்.

"அதே கோட்டுங்கதான்னு எப்படித் தெரியும்?" என்றார் டீக்கன்.

பெட்டியிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு கோட்டின் காலரைத் திருப்பி நூலைக் காட்டினேன். அறையில் எல்லோருடைய கையும் தானாகத் தங்கள் காலருக்குப் போயிற்று.

"சரி. ஆனா எல்லாம் திரும்பி வரலேங்கிறியே. வராததெல்லாம் எங்க? அதச் சொல்லு மொதல்ல."

பதில் தேடித் தலை நிமிர்ந்தேன். ஒட்டக நிறக் காலர் நாற்காலியில் மடங்கிக் கிடந்தது. உள்ளே இரண்டு சிவப்புத் தையல். ஒன்று கோணல், நான் போட்டது. சிஸ்டர் ஒடெசா திடீரென்று கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

டீக்கன் என் கண் போன இடத்தைப் பார்த்தார். பிறகு காலரைப் பார்த்தார்.

காகிதத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தை அன்றுதான் முதல்முறையாக அந்த அறையில் சொன்னேன்.

"யாரோ போட்டுட்டு இருக்காங்க, டீக்கன். குளிருது இல்லையா."

அவர் கோட்டை எடுத்தார். மெல்ல மாட்டினார். கழுத்துவரை பொத்தான் போட்டார்.

"ஆமா," என்றார். "குளிருது."

பாஸ்டர் விசிறுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"அறை அப்படியே இருக்கட்டும்," என்றார் டீக்கன். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. "நன்றிக் கடிதத்த இனிமே நம்ம வாசல்லயே ஒட்டிடலாம்."

"அப்போ சிக்கன வகுப்பு?" சிஸ்டர் ஒடெசாவின் பார்வை இன்னும் கூரையில்தான் இருந்தது.

"வெர்னா நடத்தட்டும். அவளுக்குத்தான் அது நல்லா வருது."

"நல்லது. நிறைவு ஜெபம் நீங்களே பண்ணுங்க, டீக்கன். அவசரமே இல்ல."

அன்று நாங்கள் கண்ணை மூடுவதற்குள் ஆமென் வந்துவிட்டது.